ஐம்பத்தோராவது உறுப்பு

கல்லூரி வாசலைத் தாண்டினால்
உரிமம் செத்துவிடும்.
ஈசூனில் இறங்கும்போது
என் மடிக்கணினியில் அந்த மென்பொருள்
வெறும் சின்னம்; தட்டினால்
வளாகத்துக்குத் திரும்பு என்கிறது.

மேலே அப்பா தூங்குகிறார்.
நாலரை மணிக்குப் பணிமனையில் இருக்கவேண்டும்,
முதல் பேருந்து அவருடையது.
என் கணினியின் விசிறியோ
குக்கர் மாதிரி சீறும்.
அதனால் கீழ்த்தளத்தில்,
சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசையில்
வைத்துக்கொண்டு தேடுகிறேன்:
மின்சுற்று, பாவனை, இலவசம்.

இலவசம் என்ற சொல்லுக்குத்தான்
எத்தனை பொடியெழுத்து.
ஒன்று, முப்பது நாளைக்கு இலவசம்.
ஒப்படைக்கும் தேதியோ முப்பத்தெட்டாம் நாள்.
ஒன்று கடன் அட்டை எண் கேட்டது,
சும்மா ஒரு பேச்சுக்கு என்பதுபோல.
ஒன்றில் மின்னோட்டம் மஞ்சள் புள்ளிகளாகக்
கம்பியில் எறும்புச் சாரி போனது;
பத்து நிமிடம் வாயைப் பிளந்து பார்த்தேன்,
சேமிக்கப் போனால் காசு.
கடைசியாக ஒன்று நல்லவன்போல் வந்தது:
ஐம்பது உறுப்புகள் வரை
ஆயுசுக்கும் இலவசம்.

என் பெருக்கியில் ஐம்பத்தொன்று.

விரலை வைத்து இரண்டு முறை எண்ணினேன்,
பலசரக்குச் சீட்டைச் சரிபார்ப்பதுபோல.
யாரை இறக்கிவிடுவது?
மின்தேக்கி ஒன்றை எடுத்தேன்,
அலை குளிர்க்காய்ச்சல் கண்டு நடுங்கியது.
தொடரில் நின்ற இரண்டு மின்தடைகளை
ஒன்றாக்கிப் பெரிதாக்கினேன்.
கணக்கு ஒத்துக்கொண்டது.
ஆனால் பலகையில் நான் செருகப்போவது
அந்த இரண்டைத்தான்;
படத்தில் பொய் சொல்லிவிட்டுக்
கையில் எப்படி மெய் சொல்வது.
மிச்சம் அந்தச் சிவப்பு விளக்கு.
அது ஒரு வேலையும் செய்வதில்லை,
வேலை நடக்கிறது என்று சொல்வதைத் தவிர.
எடுக்க மனம் வரவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு ஃபாத்தினின் செய்தி:
இதை முயன்று பார், அசிங்கமாக இருக்கும்.

அசிங்கமாகத்தான் இருந்தது.
கறுப்புச் சன்னல், மினுக்கும் ஒரு கோடு,
வேறொன்றும் இல்லை.
யாரோ எங்கோ பல வருடம்
சம்பளம் வாங்காமல்
திருத்தித் திருத்தி வைத்திருக்கிறார்கள்.
ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வரி:
பெயர், இந்த முனை, அந்த முனை, மதிப்பு.
இரண்டு வருடமாகச் சுற்று வரைகிறேன்.
யார் யாரோடு கைகோத்து நிற்கிறார் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

ஐம்பத்தொரு வரி.
ஓடு என்றேன்.
தீர்க்க முடியவில்லை என்றது.
மறுபடி ஓடு. மறுபடி முடியவில்லை.
கணுக்காலில் கொசு.
மின்கலத்தில் பதினாறு விழுக்காடு.

தரையை மறந்திருந்தேன்.
ஏதாவது ஒரு முனைக்குப்
பூச்சியம் என்று பேர் வைத்தாகவேண்டும்,
வோல்ட் எல்லாம் அங்கிருந்துதான் அளக்கப்படும்.
மற்றதிலெல்லாம் அது
மூன்று கோட்டுச் சின்னம்,
கைப்பழக்கத்தில் ஒட்டிவிடுவேன்.
இங்கே நானே சொல்லவேண்டியிருந்தது
எது பூச்சியம் என்று.

சொன்னேன்.
எண்கள் கொட்டின.
விளக்கின் குறுக்கே 1.9 வோல்ட்.
சிவப்பு இல்லை, வெளிச்சம் இல்லை,
ஆனாலும் எரிகிறது என்று தெரிந்தது.
தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்;
மின்தூக்கிக்குக் காத்திருந்த
சாப்பாடு கொண்டுவரும் பையன்
திரும்பிப் பார்த்தான்.

சனிக்கிழமை சிம் லிம் டவர் போகவேண்டும்.
பட்டியலை நீட்டினால் கடைக்காரர்
குட்டி இழுப்பறைகளைத் திறந்து திறந்து
ஐம்பத்தொன்றையும் எண்ணிப் போடுவார்.
பதினோரு வெள்ளி நாற்பது காசு.
அதில் விளக்கு பத்துக் காசு.
விளக்கு மட்டும் இரண்டு வாங்கவேண்டும்,
ஒன்றை எப்படியும் கருக்கிவிடுவேன்.