பை கட்டாயமில்லை

ஞாயிறு மதியம் இரண்டரை. பூன்லேயில்
ஏசி இருமிக்கொண்டே ஓடும் மாடியறை.
பதினோரு பேர். எல்லார் நகத்திலும் சிமெண்டு.
மிஸ் ஷார்மெய்ன் பலகையில் எழுதினார்:
பீட்டர் கதவைத் திறந்தான்.
பிறகு அதையே கவிழ்த்துப் போட்டார்:
கதவு திறக்கப்பட்டது, பீட்டரால்.

அந்த 'ஆல்' ஆங்கிலத்தில் தனிச்சொல்.
நோட்டில் தமிழிலேயே குறித்துக்கொண்டேன்: பை.
செய்தவனைப் போட்டு வைக்கிற பை.
யாரென்று தெரியாவிட்டால்,
தெரிந்தும் சொல்ல வேண்டாமென்றால்,
பை கட்டாயமில்லை என்றார் மிஸ்.

ஒன்பது வருடமாய் என் ஆங்கிலம்
கேன், கேனாட், ஆல்ரெடி.
ஈட் ஆல்ரெடி, கோ ஆல்ரெடி, அப்பா டை ஆல்ரெடி.
இறந்தகாலம் முழுவதற்கும் அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.
கிரேனுக்குக் கீழே அதுவும் வேண்டாம்.
விரலை மேலே சுழற்றினால் தூக்கு,
முஷ்டியை மடக்கினால் நிறுத்து.
கைக்கு இலக்கணப் பிழை வராது என்று
நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை, துவாஸ்.
ஃபாஸ்ட் ஃபாஸ்ட் என்றது டெஸ்மண்ட்.
வார் நைந்திருந்ததைப் பார்த்தது நான்.
விரலைச் சுழற்றியதும்
நான்.

அறிக்கையை எழுத என்னைக் கூப்பிட்டார்கள்,
வகுப்புக்குப் போகிறவன் என்று.
பீம் தூக்கப்பட்டது.
சைகை தரப்பட்டது.
ஷொஃபிகுலின் இரண்டு விரல்கள் நசுக்கப்பட்டன.
ஒரு பிழை இல்லை.
மேனேஜர் இரண்டு முறை படித்து
குட் இங்கிலீஷ் என்றார்.
எனக்குச் சந்தோஷமாக இருந்தது.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

லாரியில் திரும்பும்போது யோசித்தேன்.
தமிழில் இந்த வேலையைச் செய்வது 'படு'.
தூக்கப்பட, தரப்பட, நசுக்கப்பட.
செய்தவன் ஓடிப்போனாலும்
பட்டவன் வாக்கியத்தின் கடைசியில் கிடக்கிறான்.
ஆங்கிலத்தில் அந்தப் பாடுகூட இல்லை.
வழித்துத் துடைத்த தரை.

சனிக்கிழமை ஜூரோங் ஈஸ்ட்,
ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்
ஆறு ஆரஞ்சு வாங்கினேன்.
பை வேணுமா, அஞ்சு காசு, என்றாள் கல்லாவில் இருந்த பெண்.
கொஞ்ச நேரம் நின்றேன்.
பின்னால் வரிசை முனகியது.

ஷொஃபிகுல் கட்டுப்போட்ட கையைத் தூக்கி
பிரதர், யூ நோ மிஸ்டேக், என்றான்.
இல்லை என்கிற நோவா,
தெரியும் என்கிற நோவா?
நான் கேட்கவில்லை. உரித்துக் கொடுத்தேன்,
சுளை சுளையாக, அவன் இடது கையில்.
எங்கள் பக்கம் நோ என்றால் வலி.

வீட்டுப்பாடம் ஐந்து வாக்கியம்,
எல்லாவற்றையும் செயப்பாட்டு வினையில்.
நான்கு சரி.
ஐந்தாவதைச் சிவப்பில் வட்டமிட்டு
மிஸ் கேட்டார்,
இதை ஏன் மாற்றவே இல்லை?
நான் சைகை தந்தேன் என்றிருந்தது அதில்.
மாற்றித்தான் வைத்திருந்தேன் மிஸ்,
வேறொரு தாளில்.