எட்டாவது பாரில் ஒரு டிக்

ரெஜின் பென்டிரைவில் போட்டுத் தந்தான்.
"ஒண்ணும் தெரிய வேண்டாம் மக்கா,
இழுத்துப் போடு, அது பாடிக்கிடும்."

குளச்சல் ஐஸ் ஆலையில் இரவு ஷிப்ட் எனக்கு.
இரண்டு மணிக்கு மேல்
தொட்டியில் தண்ணீர் தானாக உறையும்,
நான் சும்மா இருப்பேன்.

இழுத்துப் போட்டேன்.
சிவப்புக் கட்டி தபேலா.
நீலக் கட்டி பேஸ் கிட்டார்.
மஞ்சள், பேர் தெரியாத ஏதோ கம்பி வாத்தியம்.
ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கினால்
லாரியில் ஏற்றிய ஐஸ் மாதிரி
விளிம்பு பிசகாமல் ஒட்டிக்கொண்டன.

கோயில் கொயரில் சேர்ந்த மூன்றாம் வாரமே
"நீ நாற்காலி எடுத்துப் போட்டால் போதும்" என்று
அனுப்பப்பட்டவன் நான்.
அன்றைக்கு நாலு நிமிடத்தில்
ஒரு குழுவையே கையில் வைத்திருந்தேன்.
அம்மோனியா வாடைக்குள் எழுந்து ஆடினேன்.
பார்த்தது குழாய்கள் மட்டும்.

ஒரு வாரம் ராஜா.

பிறகுதான் தெரிந்தது,
என் பாட்டுகள் எல்லாம் எட்டு பார் நீளம்.
(திங்கள்சந்தை போகும் வழியில் இருக்கிற பார் அல்ல.)
எட்டு முடிந்தால் மறுபடி ஒன்று.
ஒன்பதுக்குப் போகத் தெரியவில்லை.
மேலே இன்னொரு கட்டியை ஏற்றுவேன்,
கனக்கும்,
நகராது.

தக்கலையில் பஸ் நின்றபோது
துணிக்கடை விளம்பர ஆட்டோவில்
என் தபேலா கேட்டது.
அதே பதினாலாம் எண்.
அதே இடத்தில் அந்த விரல் சறுக்கல்.
கிறிஸ்துமஸ் தள்ளுபடி, இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம்.
ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்,
திருட்டு பிடிபட்டவன் போல.
யார் வீட்டில் யார் திருடியது என்றுதான்
விளங்கவில்லை.

சரி, நம் சத்தத்தையே எடுப்போம்.
கேனைத் தண்ணீரில் முக்கும் 'ப்ளக்',
கட்டி சரிவில் இறங்கும் கீச்சு,
ரெண்டாம் நம்பர் கம்ப்ரஸரின் முனகல்.
போனில் பிடித்தேன்.
ஒன்றும் கட்டத்துக்குள் அடங்கவில்லை.
தொண்ணூற்றிரண்டு என்றது மென்பொருள்.
எண்பத்தொன்பது என்றது கம்ப்ரஸர்,
கரண்ட் குறைந்தால் எண்பத்தேழு.
பிடித்து நீட்டினேன்,
கிரஷர் ஆடு மாதிரி கத்தியது.

மூலையில் காந்தம் படம் போட்ட ஒரு பொத்தான்.
அதை அணைத்தால்
கட்டிகள் கோட்டை விட்டு நகரும் என்று அறிய
பதினேழு ராத்திரி.
எங்கே வெட்டுவது,
எதை ஊமையாக்குவது,
தபேலாவை எப்போது தூக்கி எறிவது:
அதற்கு ஒரு தடைக்காலம் முழுக்க,
விசைப்படகுகள் கட்டிக் கிடந்த
ஜூனும் ஜூலையும்.
நல்ல எட்டு பார் வந்தது.
ஒன்பது வரவில்லை.

மெல்கியாஸ் அண்ணனுக்கு ஒரு காது கொடுத்தேன்.
ஆலை மெக்கானிக்,
சினிமாப் பாட்டுகூடக் கேட்காத ஆள்.
நாலு சுற்று கேட்டார், முகத்தில் ஒன்றுமில்லை.
ஐந்தாவதில் கையைத் தூக்கினார்.
"எட்டாவதில ஒரு டிக் வருதே, நீ போட்டதா?"
"இல்ல."
"அப்போ ரெண்டாம் நம்பருக்கு பேரிங் போச்சு, லே."

பாட்டு எப்படி என்று கேட்க வாயெடுத்தேன்,
ஸ்பானரோடு போய்விட்டார்.

விடியுமுன் கழற்றிவிட்டோம்.
உள்வளையத்தில் நகக்கீறல் அளவு பள்ளம்.
தினமும் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான்
சோறு தின்றிருக்கிறோம் இருவரும்.

முதலாளி ஐந்நூறு ரூபாய் தந்தார்.
இசையில் என் முதல் வருமானம்.

புது பேரிங் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது.
பழைய டிக் இப்போது
என் லேப்டாப்பில் மட்டும்.
நேற்று அதை வெட்டி எறிந்து பார்த்தேன்.
எட்டாவது பார்
பல் போன வாயாகக் கிடந்தது.
திரும்ப ஒட்டினேன்.
டிக்.
அதில் கால் ஊன்றி
ஒன்பதுக்குத் தாண்டினேன்.

இங்கே இன்னும்
ஒரு கட்டியும் இல்லை.
குளிராக இருக்கிறது.