இரண்டாம் பக்கம், பத்தொன்பது நிமிடம்

உறையின் பின்புறம் என் பேர் இருக்கிறது.
அருளப்பு என்றுதான் எழுதிக் கொடுத்தேன்.
அச்சுக்கூடத்தில் அதை வெட்டி
ஏ. ஆர். லப்பு ஆக்கிவிட்டார்கள்.
ஐம்பது வருடமாய் அந்த லப்புவைத் தேடி
ஆட்கள் வருகிறார்கள்.
போன மாதம் ஒசாக்காவிலிருந்து ஒருவர்.
கையுறை போட்டுத்தான் தட்டை வெளியே எடுத்தார்.
"இரண்டாம் பக்கத்துக் கிட்டார்,
அந்தக் கடைசி ஆறு நிமிடம்,
என்ன புகைத்தீர்கள்?"

ஐஸ்பழம் என்றேன்.
மொழிபெயர்க்க வந்த பெடியன்
அதை மொழிபெயர்க்கவில்லை.

எழுபத்தொன்று, சித்திரை.
செட்டியார் தெருவில் நகைக்கடைக்கு மேலே ஓர் அறை.
சுவர் முழுக்கத் தும்பு மெத்தை.
சத்தம் பதியும் என்று காற்றாடியை நிறுத்தியிருந்தோம்.
கிட்டாருக்கு டெரில் வன்டோர்ட்,
டிரம்ஸுக்குத் துவான் ஜுனைடீன்,
பேஸுக்கு நிஹால் வெத்தசிங்க,
ஓர்கனும் பாட்டும் கிளாரன்ஸ் காசிச்செட்டி,
அவன் குரலெடுத்தால்
கொச்சிக்கடைப் புறாக்கள் இடம் மாறும்.
நான் ஒன்றும் வாசிக்கத் தெரியாதவன்,
புறக்கோட்டையில் ரேடியோ திருத்துகிறவன்.

டெரிலுக்கு ஒரு சத்தம் வேண்டியிருந்தது.
கடலுக்குக் கரண்ட் அடித்த மாதிரி என்றான்.
அடுத்த நாள் வந்து, இல்லை,
புதுச் சீலை கிழிகிற மாதிரி,
ஆனால் கிழிந்து முடியக் கூடாது என்றான்.
பால்மாப் பேணி ஒன்றுக்குள்
இரண்டு ஜெர்மேனியம் ட்ரான்சிஸ்டரை
ஈயம் வைத்து ஒட்டிக் கொடுத்தேன்.
எங்கே எடுத்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஜெர்மேனியத்துக்குச் சூடு ஆகாது.
முதலாம் பக்கம் முடிகிற நேரம்
பேணி கொன்னத் தொடங்கியது,
பிறகு இருமியது,
பிறகு பேச்சு மூச்சில்லை.
அப்போதுதான் கீழே கடைக்காரர் கத்தினார்:
ஊரடங்கு, ஒருவரும் இறங்க வேண்டாம்.
படிக்கட்டில் அகப்பட்டுப் போனார்
ஐஸ்பழக்காரர் முனவ்வர்,
மணியும் பெட்டியுமாக.

நன்னாரிக்கும் தோடம்பழத்துக்கும் நடுவில்
என் பேணியை இறக்கினோம்.
மூடியிடுக்கால் வயர் வெளியே வந்து
டெரிலின் காலடிக்குப் போனது.
தந்தியை ஒருதரம் தட்டினான்.
முனவ்வர் "அல்லாஹ்" என்றார்,
பயத்திலா வியப்பிலா தெரியாது.

மிச்சம் ஒரே ஒரு ரீல்.
அதனால்தான் அவர்கள் நிறுத்தவில்லை.
ஐஸ் உருக உருகச் சத்தம் தடித்தது,
நுரைத்தது, ஓரங்களில் அவிழ்ந்தது,
உருகுகிற பழங்களை வீணாக்கக் கூடாதென்று
வாசிக்காத கையால் தின்றுகொண்டே வாசித்தார்கள்.
கிளாரன்ஸின் நாக்கு பச்சை.
நிஹாலின் நாக்கு சிவப்பு.
மெழுகுதிரி வெளிச்சத்தில் எல்லாரும்
வேறு யாரோ மாதிரி இருந்தார்கள்.

பதினோராம் நிமிடத்து மௌனத்தை
மேதமை என்று எழுதுகிறார்கள்.
கீழே ஜீப் போனது.
துவான் குச்சியைத் தூக்கியபடியே நின்றான்,
மற்றவர்கள் தந்தியை உள்ளங்கையால் பொத்தினார்கள்.
என் நெஞ்சு அடித்தது பதியவில்லை,
பதிந்திருந்தால் அதற்கும் ஒரு பேர் வைத்திருப்பார்கள்.
கடைசியில் கேட்கிற மணி
தூங்கிப்போன முனவ்வரின் முழங்கை.

வெள்ளைக் கையுறைக்காரருக்கு
இவ்வளவும் சொன்னேன்.
பேணி இருக்கிறதா என்றார்,
எவ்வளவென்றாலும் தருவேன் என்றார்.

இல்லை, ஐயா.
ஊரடங்கு தளர்ந்த திங்கட்கிழமை
தபால்கந்தோர் இராசநாயகம் வந்தார்,
திருத்தக் கொடுத்த ரேடியோ எங்கே என்று.
அவருடைய இரண்டு ட்ரான்சிஸ்டரையும் கழற்றி
அவருடைய ரேடியோவுக்கே ஒட்டிக் கொடுத்தேன்.
அதே இரண்டும் அன்று பின்னேரம்
மரண அறிவித்தல் வாசித்தன,
பேர், ஊர், தகனம் எத்தனை மணிக்கு,
ஒரு எழுத்துப் பிசகாமல்.

ஒரு கிழமை கழித்துத் திரும்பி வந்தார்.
"நல்லாத்தான் கேட்குது, தம்பி.
ராவானால் மட்டும்
கொஞ்சம் தொண்டை கட்டுது."