கூட்டல் குறி

பத்தாம் ஆண்டு, மூன்றாம் பாடம், கொக்கட்டிச்சோலை.
கொம்பியூட்டர் அறையில் பதினெட்டு மெஷின்,
எழும்புவது ஆறு.
மணற்பிட்டிப் பக்கம் மழை இருட்டினால்
அந்த ஆறும் படுத்துவிடும்.

போர்டில் ஒரு லிங்க்கை எழுதினேன்.
சரிவுக்கோட்டுக்குப் பின்னால்
பெரிசும் சின்னதுமாய்க் குழம்பிய ஏழு எழுத்து.
"இது எங்க போகுது?"
"தெரியா சேர்."
"அமத்தினா?"
"அப்ப தெரியும் சேர்," என்றான் கேதுஜன்.

வகுப்பு சிரித்தது. நானும்.
போன மாசியில்
எனக்கும் அப்படித்தான் தெரிந்தது:
சம்பள நிலுவை என்று வந்த ஒன்று,
நாற்பத்தொன்பதாயிரம் ரூபா,
வங்கியில் நின்ற வரிசை,
மனிசிக்கு இன்னும் சொல்லாத கணக்கு.
அதைப் பாடத்தில் சேர்க்கவில்லை.

சொன்னேன்:
எங்கட வாசலுக்கு ஆரும் வந்தால்
தண்ணி கொடுக்க முதல் கேட்பாங்கள்,
எந்த ஊர், ஆர்ர மகன், என்ன குடி.
மனிசரிட்ட இனிக் கேட்க வேண்டாம்.
இதிட்டக் கேளுங்க.

வாலில் ஒரு கூட்டல் குறி போட்டால்
சில சுருக்கங்கள் போகுமிடத்தைச் சொல்லிவிடும்.
சொல்லாததை நகலெடுத்து
விரித்துக் காட்டும் தளத்தில் ஒட்டுங்க.
விரிந்ததும் முதல் ஒற்றைச் சரிவுக்கோட்டைத் தேடி
அங்கிருந்து பின்னுக்கு வாசியுங்க.
முன்னுக்குத் தபால் என்றிருக்கும், வங்கி என்றிருக்கும்.
அது சட்டை.
கோட்டை ஒட்டி நிற்பதுதான் ஆள்.

நாளைக்கு ஆளுக்கொன்று கொண்டுவாங்க,
வீட்டுப் போனுக்கு வந்தது.
அமத்தாம.

வந்தன:
ஐம்பது ஜீபி டேட்டா இலவசம்.
வெள்ள நிவாரணம், பெயர் பதிய.
கொரியாவில் வேலை, மூன்று பேருக்கு ஒரே செய்தி.
யதுர்ஷன் கொண்டுவந்தது
பரீட்சைத் திணைக்களத்தின் சொந்த முகவரி.
"உண்மையானது சேர். ஆனா எனக்கு நம்பிக்கை வருகுதில்ல."
அதற்கு என்ன புள்ளி போடுவது?

வினோஜிதா கொப்பியைக் கடைசியில் வைத்தாள்.
"குவைத்திலிருந்து உங்களுக்கு ஒரு பார்சல்.
சுங்கத்தில் நிற்கிறது. விடுவிக்க இங்கே."
கீழே அவளுடைய வேலை, அடிமட்டம் வைத்துக் கோடிட்டு:
சுருக்கம். கூட்டல் குறி. விரிந்த முகவரி.
தபால் என்பது சட்டை.
முடிவு: பொய்.

செய்தி வந்த திகதி என் பாடத்துக்கு
ஒன்பது நாள் முந்தியது.
"அப்ப அமத்தல்லையா புள்ள?"
"இல்ல சேர்."
"எப்படித் தெரிஞ்சது?"

"அம்மா பார்சல் போடுறதெண்டா
முதல் வொய்ஸ் அனுப்புவா,
என்ன நிறம் வேணும் எண்டு கேப்பா."
கொப்பியின் மூலையை மடித்தாள், நிமிர்த்தினாள்.
"நாலு மாசமா ஒண்டும் கேக்கல்ல."

பத்துக்குப் பத்து போட்டேன்.
சிவப்புப் பேனையை மூடினேன்.
திரும்பத் திறந்தேன். எழுத ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டு
அவளோடும் அவளுடைய சின்னம்மாவோடும்
மண்முனைப் பாலத்தால் பஸ்ஸில் போனேன்.
வெளிநாட்டு வேலைவாய்ப்புக் கந்தோரில்
இரண்டு மணித்தியாலம் வாங்கில்,
பிறகு ஒரு படிவம்.
முழுப்பெயர், சுருக்காமல் எழுதவும்.
நாகமணிப்போடி தெய்வமலர் என்று எழுதினாள்.
பெட்டிக்குள் அடங்காமல்
கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே நின்றது.

முத்திரையைத் தூக்கிய உத்தியோகத்தரிடம்
படிவத்தை விடாமல் பிடித்துக்கொண்டே கேட்டாள்:
"இது எங்க போகுது?"

"கொழும்புக்கு."

"அங்க இருந்து?"