ஒன்றுக்கு முந்நூற்றைம்பது

கோரிப்பாளையத்தில் மாடியில் எங்கள் பல் லேப்.
சன்னலைத் திறந்தால் வைகை,
அதாவது ஆகாயத்தாமரை, நாலு எருமை,
அணையில் திறந்துவிட்டால் ஒரு வாரம் ஆறு.
இந்த ஊரில் நீர்மூழ்கி செய்கிறவள்
நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பெட்டியில் வந்தது ரஷ்யக் கப்பல்.
இருபத்தாறு சென்டிமீட்டர், இரண்டு பாதி, மூன்று விசிறி,
ஒட்டிக்கொள்ளச் சிவப்பு நட்சத்திரம்.
நட்சத்திரத்தை எடுத்து வைத்துவிட்டேன்.
எனக்கு வேண்டியது அதே சாயலில்
விசாகப்பட்டினத்துக்கு வந்து சேர்ந்த ஒன்று.

கோபுரத்தின் முதுகை ஒன்றரை மில்லி உயர்த்தினேன்,
கிரவுன் மெழுகில் வடித்து ரெசினில் வார்த்து.
தண்ணீர் புகும் துளைகளைக் கம்பெனிக்காரன்
அம்மைத் தழும்பாக விட்டிருந்தான், வெறும் குழி.
பக்கத்துக்கு ஐம்பத்துச் சொச்சம்.
இருப்பதிலேயே சின்ன பர்ரை மாட்டி
ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
மூழ்க வேண்டுமென்றால்
உள்ளே விடத் தெரிந்திருக்க வேண்டும்.
ஜெபராணி கேட்டாள்:
"ரெண்டு பல்லு பிரிட்ஜ் ஒண்ணு கேட்டாங்களே, அது எங்க?"

சேவுகனை நிறம் பார்க்க லேபுக்கே அனுப்பியிருந்தார்கள்.
மேலூர். மேல்செட்டு முழுசாக.
அலமாரியைப் பார்த்துவிட்டு,
"இதுல பதினோரு வருசம் இருந்தேன்" என்றார்.
அவசரமாகப் போட்டோக்களை எடுத்து நீட்டினேன்.
கோபுரத்துச் சன்னல் மூன்றா, நாலா?

"தெரியாதும்மா.
வெளிய நின்னு எத்தன தடவ பாத்திருப்பேன்?
எனக்கு அது டீசல் நாத்தம்.
பின்கோடியில டார்பிடோவுக்கு மேல ஒரு படுக்க.
ஒருத்தன் எந்திரிச்சா அவன் சூட்டோட அடுத்தவன்."

அன்று ஒட்டவில்லை.
செட்டுக்குக் கொக்கி வளைக்கிற கம்பியில்
ஐந்தரை மில்லிக்கு ஒரு படுக்கை செய்து
பின்கோடியில் பசை தொட்டு வைத்தேன்.
படுக்க யாரையும் செய்யவில்லை.
சூட்டை அந்த அளவுக்குக் குறைக்க எனக்கு வராது.

பிறகு இரண்டு பாதியையும் மூடி,
இடுக்கை ஈறு நிற அக்ரிலிக்கால் அடைத்து,
தேய்த்து, கருஞ்சாம்பல் அடித்தேன்.
பெயின்டுக்குக் கீழே அதற்கு ஈறு இருக்கிறது.

அடுத்த முறை செட்டை மாட்டிக் கடித்துப் பார்த்து
வலப்பக்கம் உரசுது என்றார்.
நான் ராவிக்கொண்டிருக்கையில்
கப்பலைக் கையில் எடுத்தார்.
துளைகளைப் பார்க்கவில்லை,
மூன்று இரவு உட்கார்ந்து எழுதிய எண்ணையும்.
காதோரம் வைத்து மெல்ல ஆட்டினார்.
கிலுக், கிலுக்.
படுக்கை கழன்றிருந்தது.

எனக்கு முகம் செத்துப்போனது.
"இதான்" என்றார், பொக்கை வாயால்.
"எதாச்சும் ஒண்ணு உள்ள கழண்டு உருண்டுக்கிட்டே கெடக்கும்.
எதுன்னு கடைசிவரைக்கும் கண்டுபிடிக்க மாட்டோம்."

நானூறு ரூபாய் பாக்கி வைத்துப் போனார்.
கப்பல் பிளாஸ்டர் தாடைகளுக்கு நடுவில் நிற்கிறது.
ஆட்டாமல்தான் தூசி துடைக்கிறேன்.
சில நாள் ஆட்டியும்.