ஐந்துக்கு மூன்று

கொட்டாஞ்சேனையில் ஃபான் சுற்றுகிறது.
வியர்வை காயாத கையால் திறக்கிறேன்
வாலே மலைகளின் பனிச்சரிவு அறிக்கையை.
இங்கே இரவு ஒன்பதரை, அங்கே மாலை ஐந்து.
இன்றைக்கு மூன்று.
ஐந்துக்கு மூன்று.
இரண்டாயிரத்து இருநூறு மீற்றருக்கு மேல்
வடக்குப் பார்த்த சரிவுகளில்
காற்று குவித்த புதுப்பனி
பழையதோடு ஒட்டவில்லையாம்.
அடியில் சீனி மாதிரி உதிர்கிறதாம்.

ஜேர்மன் எனக்கு வராது.
ஃபோன் மாற்றித் தந்த தமிழில்
"தனி மனிதன் ஒருவன் போதும்" என்றிருந்தது.
இரண்டுதரம் படித்தேன்.
சரிவை அவிழ்த்துவிட, என்று பிறகுதான் விளங்கிற்று.

ஹோட்டல் குசினியில் தட்டுக் கழுவப் போன ஜெறோம்
இப்போது லீவு நாட்களில்
ஸ்கீயின் அடியில் தோல் ஒட்டிக்கொண்டு
பாதையில்லாத மலை ஏறுகிறானாம்.
மச்சாள் சொன்னாள்.
அவனும் நானும் பேசி
ஒரு வருஷமும் எட்டு மாசமும்.

எனக்குத் தெரிந்த பனி
முகத்துவாரத்து ஐஸ் ஃபெக்டரிதான்.
கரண்ட் நின்று வந்த இரவுகளில் உறைந்த கட்டிக்குள்
வெள்ளையாய் ஒரு கோடு ஓடும்,
கிட்டப் போனால்தான் தெரியும்.
நவ்ஸர் கொக்கியால் ஒரு தட்டு.
சரியாக அந்தக் கோட்டில் பிளக்கும்.

மலையிலும் குழி வெட்டித் தட்டிப் பார்ப்பார்களாம்,
பனித்தூணின் மேல் சவளை வைத்து
மணிக்கட்டால் பத்து,
முழங்கையால் பத்து,
தோளால் பத்து.
எத்தனையாவது அடியில் வழுக்குகிறதென்று கணக்கு.

எங்களுக்கு மணிக்கட்டே கூடிப்போயிற்று.
அம்மாவின் முப்பத்தோராம் நாள்.
கறி பரிமாறிக்கொண்டே கேட்டேன்,
"அவவின்ர காப்பு வித்த காசிலதானே நீ போனனீ?"
மெல்லத்தான் கேட்டேன்.
பாதிச் சோற்றில் எழும்பினான்.
எத்தனை வருஷத்துப் பனி அதன்மேல் கிடந்ததென்று
எனக்கே தெரியாது.

தை முழுக்க மூன்று.
மாசியில் ஒருநாள் நான்கு.
அன்று வேலைக்குப் போகாமல்
மச்சாளின் ஸ்டேட்டஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பின்னேரம் கேக் படம் போட்டாள்.
யாரும் சாகாத வீட்டில்தான்
கேக் போடுவார்கள்.

பங்குனிக் கடைசியில் அங்கே மணிக்கூட்டை மாற்றினார்கள்,
அறிக்கை எட்டரைக்கு வந்தது.
வைகாசியில் வரவேயில்லை.
பருவம் முடிந்ததாம்.
எட்டரைக்கு என்ன செய்வதென்று தெரியாமல்
ஃப்ரிட்ஜைத் துடைத்தேன்.

பிறகு மழை.
களனி கறுத்து ஏறியது.
நாலாம் இரவு ஃபோன் வெளிச்சம்:

"நாகலகம் வீதியில அஞ்சடியாம்.
அரிசியை மேல ஏத்து."

அக்கா இல்லை. சுகமா இல்லை.
இந்த ஆற்றின் அளவை
அங்கிருந்து எத்தனை நாளாய்ப் படிக்கிறான்?

யன்னலடியில் நின்று நானும் பார்த்தேன்.
"நாலேமுக்கால்" என்று
திருத்தி அனுப்பினேன்.
இரண்டு சரிக்குறியும் நீலமாகின.

அரிசி மூட்டை பாரம்தான்.
ஏற்றினேன்.