மீதி ஒன்று

இரவு பதினொன்றேகாலுக்கு
மோகனூர் ரோட்டு முட்டைக் குடோனில்
இருப்பு எண்ணி முடித்தோம்.
பெட்டி இரண்டாயிரத்து நானூற்று முப்பத்தொன்று.
தட்டுக்கு முப்பது, பெட்டிக்கு ஏழு தட்டு,
ஆக இருநூற்றுப் பத்து:
இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு
நான்கு பேரும் தோளோடு தோள் நின்று பெருகியது.
அட்டை செய்கிறவனுக்கு இது தெரியாது.
லாரிப் பாடிக்குப் பொருந்தியது, அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு வெற்றுத் தட்டு.
அதன் முதல் குழியில் ஒரே ஒரு முட்டை.

5,10,511.

பார்த்ததும் பரமத்தி பஸ் மறந்துபோயிற்று.
நான் கணக்கு படித்தவள்; இங்கே கணக்கு எழுதுகிறேன்.
இரண்டுக்கும் ஒரே சொல் வைத்த மொழியை
என் சம்பளக் கவர் நம்புவதில்லை.

அந்த ஒன்றை விட்டுவிட்டுப் பாருங்கள்:
ஐநூற்றுப் பத்து, ஒட்டியபடியே இன்னொரு ஐநூற்றுப் பத்து.
மூன்றிலக்கம் எதையும் இப்படி இருதரம் எழுதினால்
ஏழும் பதினொன்றும் பதிமூன்றும்
அழைக்காமலே பந்தியில் உட்கார்ந்துவிடும்.
இதில் பதினேழும் உண்டு.
எழுநூற்றுப் பதினான்கும் எழுநூற்றுப் பதினைந்தும்
அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்;
அவர்களைப் பெருக்கினாலும் அதுவேதான்.
இவ்வளவு இணக்கமான எண்ணை
எந்தப் பேரேட்டிலும் நான் கண்டதில்லை.

ஒன்று கூடியது.

பெட்டி அட்டையின் பின்புறத்தில் வகுக்க உட்கார்ந்தேன்.
இரண்டால். மீதி ஒன்று.
மூன்றால். ஒன்று.
ஐந்து, ஏழு, பதினொன்று...
ஒவ்வொரு வாசலிலும் அதே முட்டை
அதே முகத்தோடு வெளியே நின்றது.
பதிமூன்று. பதினேழு.
ஒன்று. ஒன்று.

"இது பகா எண்ணுங்க" என்றேன்
வாட்ச்மேன் பொங்கியண்ணனிடம்.
"யாருக்கும் பங்கு வெக்க முடியாது."
அவர் அட்டையைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தார்.
"ஒடைசல்னு எழுதிப் போடுங்க அம்முணி."

பேரேட்டில் உடைசலுக்குக் கட்டம் உண்டு.
குறைவுக்கு உண்டு, கூமுட்டைக்கு உண்டு,
எலிக்குக்கூட 'இதர' என்று ஒன்று.
கூடுதலுக்கு இல்லை.
எந்த முதலாளியும் நினைத்துப் பார்த்திராத தவறு அது.

அப்போதே மூடியிருக்கலாம்.
கை சும்மா இருக்காமல் பத்தொன்பதைப் போட்டது.
இருபத்தாறாயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்பது.
மீதி
இல்லை.
பேனாவை உதறி மறுபடி போட்டேன்.
இல்லை.

ஏழு சாட்சிகள் ஒரே வார்த்தை சொன்னதை வைத்து
நான் தீர்ப்பு எழுதியிருந்தேன்.
எட்டாவது ஆள் கதவுக்குப் பக்கத்திலேயே
பேசாமல் நின்றிருக்கிறான்.
ஈவை இன்னும் பிளந்தால்
தொண்ணூற்றேழு, இருநூற்று எழுபத்தேழு.
அவற்றுக்குள் யாரும் இல்லை. அங்கே நின்றது.

வெளியே மக்காச்சோளம் ஏற்றிய லாரி
ரிவர்ஸ் பாட்டோடு தீவனக் கிடங்குக்குள் போனது.
சொன்னேன் அவரிடம், உடையுதுங்க, பத்தொன்பதில் உடையுது என்று.

"பத்தொம்போது குழித் தட்டு வருதுங்களா?"
"இல்லீங்க."
"அப்பறம்?"

அப்புறம் ஒன்றுமில்லை.
'இதர'வுக்கு வலப்பக்கம், ஸ்கேல் கிடைக்காமல்
கையாலேயே ஒரு கோடு இழுத்துக்
கூடுதல் என்று தலைப்பிட்டு
1 என்று எழுதினேன்.
கோடு கொஞ்சம் கோணல்.